பல்லைப் பிடுங்கும் முன் விரிசலைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசகர் கேள்வி பதில் பகுதியில் போன வாரம் ஒரு அம்மா, முறுக்கு கடித்தபோது கடைவாய்ப் பல்லின் ஓரம் தெறித்துவிட்டது, வலி இல்லை, அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். 'பல் மருத்துவரை அணுகவும்' என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. பதில் சரிதான். ஆனால் அங்கே போய் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்து நான் பட்டதை நினைத்தால், அந்த ஒரு வரியோடு விட மனம் வரவில்லை. கடிதம் நீண்டுவிட்டது. முழுவதையும் போட இடமில்லை என்றால் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டுமாவது வெளியிடுங்கள்.

நான் தையல்காரன். மதுரை புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு முப்பது வருடத்துக்கு மேல் தைத்தேன். கடைகளை மாற்றிய பிறகு இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் தைக்கிறேன். சித்திரைத் திருவிழா நெருங்கினால், அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் கட்டுகிறவர்களின் உடுப்பு வேலை ராத்திரி பகலாக ஓடும். அந்த நேரத்தில் கத்தரிக்கோலை எடுத்து எடுத்து வைக்க முடியாது. நூலை முன்பல்லில் வைத்து ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஜரிகை நூலும் அப்படித்தான். குண்டூசி நாலைந்து எப்போதும் வாயில் இருக்கும். என் அப்பாவும் இதே தொழில். அவருடைய மேல் முன்பல்லில் நூல் போய்ப் போய் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. எனக்கும் அதே இடத்தில் விழுந்தது. அந்தப் பல்லுக்குப் பிறகு வருகிறேன். என்னை அலைய விட்டது கடைவாய்ப் பல்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, கோகுலாஷ்டமிக்குப் பக்கத்து வீட்டில் சீடை கொடுத்தார்கள். வலது பக்கம் வைத்துக் கடித்தேன். 'டக்'கென்று உள்ளே ஒரு சத்தம் கேட்டது. துப்பிப் பார்த்தேன், பல்லில் எதுவும் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தாலும் பல் முழுசாகவே இருந்தது. மறுநாளிலிருந்து ஒரு விசித்திரமான வலி. கடிக்கும்போது வலிக்காது. கடித்ததை விடும்போதுதான் ஊசியால் குத்தி எடுத்த மாதிரி சுருக்கென்று மின்னும். இட்லி சாப்பிட்டால் ஒன்றும் இராது. பொட்டுக்கடலை, எள்ளுருண்டை என்றால் கண்ணில் தண்ணீர் வரும். பானைத் தண்ணீர் பட்டால் கூசி, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஒரு நாள் வலிக்கும், மூன்று நாள் வலிக்காது. அதனால் வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் எதுவும் தெரியவில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை இருக்கிற வரைக்கும் சுகம். ஒரு மாதம் கழித்து வேறொரு இடத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, பளபளவென்று இருந்தது. அங்கே இருந்தவர் கம்பியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "பல்லு விரிசல் விட்டிருக்கு, காப்பாத்த முடியாது. பிடுங்கிட்டு ஸ்க்ரூ பல்லு வச்சிரலாம்" என்றார். எலும்பில் திருகு வைத்து அதன் மேல் பொருத்துகிற பல் அது. 38,000 ரூபாய். அன்றைக்கே பாதிப் பணம் கட்டினால் 3,000 குறையும் என்றார்கள். "சார், விரிசல் எங்க இருக்குன்னு எனக்குக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே இருந்தது ஐந்து நிமிடம்கூட இராது.

அந்தச் சொல் எனக்கு வலித்தது. கிழிந்த துணியைக் கொண்டு வருகிற எந்தப் பாட்டிக்கும் நான் கிழிசலை விரித்துக் காட்டாமல் கூலி சொன்னது இல்லை. 'இதுக்கு இழை ஓட்டினால் போதும், இதுக்கு அடியில் துணி வைக்கணும், இது இத்துப்போச்சு, தைச்சாலும் நிக்காது' என்று காட்டித்தான் சொல்வேன். சொந்தப் பல்லைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இல்லையா?

என் வாடிக்கையாளர் ஒருவர் நர்ஸ். ரவிக்கை அளவு கொடுக்க வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்து, தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார். வேர் சிகிச்சைப் பிரிவில் மேல்படிப்பு படித்தவர். சின்ன இடம், ஒரே ஒரு நாற்காலி. ஆனால் முக்கால் மணி நேரம் என் ஒரு பல்லோடு உட்கார்ந்தார்.

"ஐயா, வலிக்கிறது கடிக்கிறப்பவா, விடுறப்பவா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. விடும்போது என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சின்ன பிளாஸ்டிக் குச்சி ஒன்றை எடுத்து, பல்லின் ஒவ்வொரு முனையிலும் தனித்தனியாக வைத்துக் கடித்து விடச் சொன்னார். கடைவாய்ப் பல்லின் மேல் நாலைந்து மேடுகள் உண்டல்லவா, அதில் மூன்று மேட்டில் ஒன்றும் இல்லை. நாக்குப் பக்கம் பின்னால் இருக்கிற மேட்டில் வைத்து விட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அடுத்ததாக அறை விளக்கை அணைத்துவிட்டு, பென்சில் முனை அளவுக்கு ஒரு வெளிச்சத்தைப் பல்லின் பக்கவாட்டில் வைத்தார். கையில் கண்ணாடியைக் கொடுத்து, வாய்க்குள் இன்னொரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க ஐயா" என்றார். நல்ல பல் முழுவதும் வெளிச்சம் பரவி, உள்ளே விளக்கு வைத்த கூண்டு மாதிரி இருக்கிறது. என் பல்லில் வெளிச்சம் பாதி தூரம் போய் ஒரு கோட்டில் நின்றுவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருட்டு. அந்தக் கோடுதான் விரிசல். நானே என் கண்ணால் பார்த்தேன். எனக்கும் புரிந்தது.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை என்றும் சொன்னார். எக்ஸ்ரே கன்னத்துப் பக்கமிருந்து எடுக்கப்படுகிறது. கடைவாய்ப் பல்லின் விரிசல் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. மயிரிழை விரிசல் ஒளிக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தால் படத்தில் விழாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதால் பல் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. விடும்போது வலிப்பதற்கும் காரணம் உண்டு. கடிக்கும்போது விரிசல் லேசாக வாய் திறக்கிறது, விட்டதும் பட்டென்று மூடுகிறது. பல்லின் உட்பகுதியில் இருக்கும் நுண்ணிய குழாய்களில் உள்ள நீர் அந்த அசைவில் நகர்ந்து நரம்பைச் சுண்டுகிறது.

அந்தப் பல்லில் இளவயதில் வைத்த பழைய வெள்ளி அடைப்பு ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, நீலச் சாயம் ஒரு சொட்டுத் தடவிக் கழுவினார். சாயம் விரிசலுக்குள் மட்டும் நின்று, வெள்ளைத் துணியில் நீலப் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஓடியது. ஈறு ஓரத்தை அளவுக் கம்பியால் சுற்றிலும் அளந்து பார்த்தார். எங்காவது ஒரே இடத்தில் மட்டும் கம்பி ஆழமாக இறங்கினால் விரிசல் வேருக்குப் போய்விட்டது என்று சந்தேகப்பட வேண்டுமாம். என் பல்லில் அப்படி இறங்கவில்லை.

அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் உங்கள் வாசகர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பல்லின் மேல்தோலான எனாமலில் மட்டும் மெல்லிய கோடுகள் இருந்தால் அது வயதானால் பலருக்கும் வருவது, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு மேடு மட்டும் தெறித்திருந்தால் அடைப்பு வைக்கலாம், இல்லை அந்த மேட்டை மட்டும் மூடுகிற மாதிரி செய்து ஒட்டலாம், இல்லை பல் முழுவதையும் மூடுகிற உறையான கேப் போடலாம். விரிசல் உள்ளே இறங்கியும் நரம்பு நல்ல நிலையில் இருந்தால் கேப் போதும். நரம்பு கெட்டுப்போயிருந்தால் வேர் சிகிச்சை, அதாவது நரம்பை எடுத்துவிட்டு வேர்க்கால்வாயை அடைப்பது, அதைச் செய்து கேப். பல் இரண்டாகப் பிளந்து தனித்தனியாக அசைந்தாலோ, வேரே நெடுக்காக விரிந்திருந்தாலோ பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். ஆழம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் வைத்தியம். எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டால் கூடிவிடும். பல்லின் விரிசல் எந்த மருந்துக்கும் கூடாது. மேலே ஓடாமல் கட்டித்தான் வைக்க முடியும்.

என் தொழிலில் இதை உடனே பிடித்துக்கொண்டேன். துணியில் கிழிசல் ஓட ஆரம்பித்தால் முனையில் இரண்டு தையல் போட்டு நிறுத்த வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அடிவரை போய்விடும்.

டாக்டரம்மா உடனே கேப் போட்டுவிடவில்லை. விரிசலுக்கு மேல் அடைப்பு வைத்து, பல்லைச் சுற்றி மெல்லிய இரும்புப் பட்டை ஒன்றை இறுக்கி மாட்டினார். பல் வரிசைக்குக் கம்பி கட்டுகிற பிள்ளைகளுக்குக் கடைவாயில் மாட்டுவார்களே, அதே பட்டை. "மூணு வாரம் பார்ப்போம் ஐயா. வலி அடங்குச்சுன்னா நரம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம், கேப் மட்டும் போட்டாப் போதும். ராத்திரி தானா வலி வந்தாலோ, சூடா ஏதாவது குடிச்சப்புறம் நின்னு வலிச்சாலோ உடனே வந்துருங்க, அப்ப வேர் சிகிச்சை செய்யணும்" என்றார். பட்டை மாட்டிய நாலாம் நாள் வலி நின்றது. மூன்று வாரம் கழித்துப் பல்லைச் சுற்றிலும் செதுக்கி அளவு எடுத்துக் கேப் போட்டார். இரண்டு வருடமாக அந்தப் பல்லில்தான் சாப்பிடுகிறேன். முன்னே 38,000 ரூபாய்க்குப் பிடுங்கச் சொன்ன அதே பல்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னார் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். "விரிசல் விட்ட பல்லுக்கு யாரும் ஆயுசு உத்தரவாதம் தர முடியாது. அஞ்சு வருஷமோ, இருபது வருஷமோ. நடுவுல நரம்பு கெட்டா கேப்புல துளை போட்டு வேர் சிகிச்சை செய்ய வேண்டி வரும்" என்றார். இதைக் கேட்டுத்தான் சம்மதித்தேன்.

கேப்பில் எது என்பதற்கும் ஒரு வார்த்தை. முழு உலோகக் கேப், உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றியது, ஜிர்கோனியா என்று மூன்று சொன்னார். உலோகத்துக்குப் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், விலையும் குறைவு, பார்வைக்கு மட்டும் வெள்ளையாக இராது. பீங்கான் ஏற்றியதில் சில வருடத்தில் பீங்கான் தெறிக்கலாம். ஜிர்கோனியா வெள்ளை நிறம், கெட்டி, விலை கூட. நான் சிரித்தாலும் தெரியாத இடம் என்பதால் உலோகமே போதும் என்றேன். 2,500 ரூபாயில் முடிந்தது. 'எல்லாரும் ஜிர்கோனியாதான் போடுறாங்க' என்று அவர் தள்ளவில்லை. ராத்திரி நான் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று என் வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டு, தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறையும் செய்து கொடுத்தார். விரிசல் விடுவதற்கு அதுவும் ஒரு காரணமாம்.

பிடுங்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மனைவியின் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. அதற்கு ஐந்தாறு வருடம் முன்பு அவளுக்கு இடது கீழ்க் கடைவாயில் சொத்தை ஆழமாகி, வேறொரு இடத்தில் வேர் சிகிச்சை செய்தோம். வலி போய்விட்டது. கேப் போட வேண்டும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை. கேப் என்பது அழகுக்கு என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். அப்போது மகள் கல்யாணச் செலவு வேறு. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லில் சொத்தைக்கும் சிகிச்சைக்குமாகப் பாதிப் பல்லைச் சுரண்டி எடுத்திருப்பார்கள். மிச்சம் இருப்பது மெல்லிய சுவர்தான். நரம்பு இல்லாததால் அந்தப் பல்லுக்குள்ளிருந்து நமக்கு எச்சரிக்கையும் வராது. போன தையில் கொட்டைப்பாக்கைக் கடித்தாள். பல் நடுவாகப் பிளந்துவிட்டது. டாக்டரம்மா கொறடு முனையால் தொட்டால் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி ஒரு பக்கமும் ஆடியது. வேர் பிரிகிற இடத்தையும் தாண்டிப் பிளவு போயிருந்தது. அதையும் அவளிடம் காட்டிய பிறகுதான் பிடுங்கினார். எடுத்த பல்லைத் தட்டில் வைத்தபோது, வேர்க்கால்வாயில் அடைத்திருந்த இளஞ்சிவப்புக் குச்சி பிளவில் நீட்டிக்கொண்டிருந்தது. அது கட்டாபெர்ச்சா, மலேயாக் காட்டு மரம் ஒன்றின் பால் என்றார். அந்த அடைப்பு அப்படியே நன்றாக இருந்தது. அதன் மேல் ஒரு கேப் இல்லாமல் போனதுதான் குறை. அன்றைக்கு 2,500 ரூபாய் செலவு செய்திருந்தால் அவளுக்கு இன்றைக்கும் அந்தப் பல் இருந்திருக்கலாம். இதைப் படிக்கிறவர்களில் யாராவது கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டு கேப் போடாமல் இருந்தால், இந்த மாதமே போய்க் கேளுங்கள்.

பிடுங்கிய இடத்தை என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி மட்டும் இல்லை. அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் மெல்ல இறங்கும். இரண்டு பக்கத்துப் பல்லையும் செதுக்கிப் பாலம் மாதிரி மூன்று பல்லாகச் சேர்த்துப் போடலாம். கழற்றி மாட்டுகிற பல் வைக்கலாம். ஸ்க்ரூ பல் வைக்கலாம். ஸ்க்ரூ பல்லை நான் குறை சொல்லவே இல்லை. 1965-இல் சுவீடனில் பிரோனமார்க் என்ற பேராசிரியர் முதல் நோயாளிக்கு டைட்டானியம் திருகை வைத்ததிலிருந்து, எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்ற அறிவு எத்தனையோ பேருக்கு மென்று சாப்பிடும் சுகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. அது கட்டுக்குள் வராமல் திருகு வைத்தால் எலும்பில் பிடிக்காமல் போகலாம் என்று டாக்டரம்மா நிறுத்தி வைத்திருக்கிறார். நல்ல பல் இரண்டைச் செதுக்க அவளுக்கு மனம் இல்லை. இப்போதைக்குக் கழற்றி மாட்டுகிற பல். சர்க்கரையும் குறைய வேண்டும், நான் கட்டுகிற சீட்டும் விழ வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறோம். நான் எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டில் பல் சிகிச்சை சேராது. விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும்தான் தருவார்களாம்.

என் முன்பல்லின் கதை சுருக்கமானது. நூல் பள்ளம் விழுந்த ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு சில்லு போய்விட்டது. நாக்கு சும்மா இராமல் அங்கேயே போய் உரசிப் புண்ணாகிவிட்டது. இதற்கும் ஒரு இடத்தில் மேல் முன்பற்கள் ஆறுக்கும் பீங்கான் ஓடு ஒட்டினால் சிரிப்பு அழகாகும் என்றார்கள். ஓடு ஒட்டப் பல்லின் முன்பக்கத்தைச் செதுக்க வேண்டும், செதுக்கிய எனாமல் திரும்பி வளராது. ஒரு அரிசி அளவு சில்லுக்காக ஐந்து நல்ல பல்லைத் தொடுவானேன்? டாக்டரம்மா அதை ஒரே தடவையில் ஒட்டு வைத்துச் சரி செய்தார். மரத்துப் போகிற ஊசிகூடப் போடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். துணிக்கு நூல் நிறம் சேர்ப்பதற்கு நான் வாசலுக்கு வருகிற மாதிரிதான். உடைந்த ஓரத்தில் நீல நிறக் கூழ் ஒன்றைத் தடவிக் கொஞ்ச நேரத்தில் கழுவினார். அது அமிலம். அது பட்ட இடம் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாகிவிட்டது. அந்தச் சொரசொரப்பில்தான் பசை பிடிக்குமாம். 1955-இல் அமெரிக்காவில் பூனகோர் என்ற பல் மருத்துவர் கண்டுபிடித்த முறை இது. இரும்பில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க அமிலத்தால் கழுவுவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாம். பிறகு பசை, அதன் மேல் பல் நிறத்துக் களிம்பை மெல்லிய அடுக்கு அடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார். கார்பன் தாளைக் கடிக்கச் சொல்லி மேடு தட்டுகிறதா என்று பார்த்து, தேய்த்து மெருகு போட்டார். முக்கால் மணி நேரம், 1,200 ரூபாய். "இனிமே நூலை இதுல கடிச்சீங்கன்னா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க" என்றார். இப்போது மிஷின் மேசையில் ஒரு சின்ன நூல்வெட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். என்னிடம் வேலை பழகுகிற பையன்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இனி பள்ளிப் பிள்ளைகள். இதைக் கட்டாயம் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் பேரன் மூன்றாம் வகுப்பு. போன வருடம் பள்ளியில் தண்ணீர்க் குழாய் மேடையில் வழுக்கி விழுந்து, புதிதாக முளைத்த மேல் முன்பல்லில் பாதி உடைந்தது. மகள் அழுதுகொண்டே போன் செய்தாள். நான் கேட்ட முதல் வார்த்தை, "உடைஞ்ச துண்டு எங்க?" என்பதுதான். பல் உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா சுவரில் ஒட்டியிருந்த தாளை நான் நாலைந்து தடவை படித்திருந்தேன். மகள் பள்ளிக்கு ஓடி, ஆசிரியையோடு சேர்ந்து குழாயடியில் தேடி எடுத்து, பக்கத்து டீக்கடையில் ஆறிய பால் வாங்கி அதில் போட்டுக் கொண்டு வந்தாள். டாக்டரம்மா உதட்டுக்குள் துண்டு ஏதும் புதைந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். பல்லின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரியவில்லை, அதாவது நரம்பு வெளியே வரவில்லை. அந்தத் துண்டையே பொருத்தி ஒட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பேரன், "தாத்தா, கோடு எங்க இருக்குன்னே தெரியல" என்றான். ஒரு வருடத்துக்கு அவ்வப்போது வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். நிறம் கறுக்கிறதா, வேர் வளர்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அந்த வயதில் முன்பல்லின் வேர் இன்னும் முழுசாக வளர்ந்து முடிந்திருக்காது. சிவப்புப் புள்ளி தெரிந்திருந்தாலும், உடனே போனால் நரம்பின் மேல் மருந்து வைத்து மூடி வேரை வளர விட முயற்சி செய்வார்களாம்.

அதே பள்ளியில் அதற்கு முந்தைய வருடம் இன்னொரு பையனுக்கு முன்பல் வேரோடு விழுந்திருக்கிறது. யாரோ மண்ணாகிவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். தெரியாமல் செய்ததுதான். அந்தப் பிள்ளை இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான் என்று என் பேரன் சொன்னபோது எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. வேரோடு விழுந்த நிலைப்பல்லைத் திரும்ப வைக்க முடியும். பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடக் கூடாது. மண் இருந்தால் பாலிலோ நல்ல தண்ணீரிலோ சில விநாடி அலசினால் போதும். சோப்பு, தேய்ப்பு, துணியால் துடைப்பு எதுவும் கூடாது. முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்ப வைத்து, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி அழைத்துப் போக வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட வேண்டும். காகிதத்தில் சுற்றிக் காய விடுவதுதான் கெடுதல். அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது, ஆனாலும் கொண்டு போகத்தான் வேண்டும். பால் பல் விழுந்தால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. கீழே இருக்கிற புதுப் பல்லுக்கு அது கெடுதல்.

இதை நாலு வரியில் பெரிய எழுத்தில் ஒவ்வொரு பள்ளியின் தலைமை ஆசிரியர் அறைச் சுவரிலும் ஒட்ட வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலம் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். என் பேரன் பள்ளிக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், ஒட்டியிருக்கிறார்கள்.

பல் மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிடுங்க வேண்டும் என்றால் ஏன் என்பதைக் கண்ணாடியிலோ படத்திலோ காட்டிவிட்டுப் பிடுங்குங்கள். என்னென்ன வழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும், எவ்வளவு காலம் நிற்கும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டு போய் நாலு பேரோடு யோசிக்கிறோம். இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி என்பது சேலைக்குச் சரி, பல்லுக்கு வேண்டாம். எங்களைப் போன்றவர்களுக்குக் கையில் 38,000 இருந்தால் அது ஒரு வருடச் சேமிப்பு. வாசகர்களும் போகிற இடத்தில் இருப்பவர் பதிவு பெற்ற பல் மருத்துவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். சட்டப்படியே பதிவு கட்டாயம்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் நிறையப் பேர் கடைக்கு வரும்போது கேட்கிறார்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். கிராம்புத் தைலம் வலியைக் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும், ஆனால் அதிகம் விட்டால் ஈறு வெந்துவிடும், பிறகு ஒட்டு வைக்கும்போது களிம்பு சரியாக இறுகாமலும் போகலாம். அதனால் தைலம் போட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கவே கூடாது. எங்கள் கடைக்கு அடுத்த கடைக்காரர் உடைந்த பல்லைச் செருப்புக்கு ஒட்டும் பசையால் ஒட்டிக்கொண்டு, ஈறு வீங்கி ஒரு வாரம் கஞ்சி குடித்தார்.

கேள்வி கேட்ட அந்த அம்மாவின் முகவரி உங்களிடம் இருக்கும். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அவருக்கு அனுப்பி வையுங்கள், தபால் செலவை நான் தருகிறேன். வலி இல்லை என்று அவர் விட்டுவிட வேண்டாம். தெறித்த இடத்தில் பழைய அடைப்பு இருக்கிறதா, மிச்சப் பல்லில் கோடு ஓடுகிறதா என்று வெளிச்சம் வைத்துப் பார்க்கச் சொல்லட்டும். இப்போது போனால் ஒரு அடைப்போடு முடியக்கூடும். துண்டை வைத்திருந்தால் கையோடு எடுத்துப் போகட்டும். போகிற வரைக்கும் அந்தப் பக்கம் கெட்டியாக எதையும் கடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தையல் தொழிலாளி,
குன்னத்தூர் சத்திரம்,
மதுரை.